லாட்ஜா, ஏஜென்சியா, இணையச் சந்தையா? புதிய ஃப்ரீலான்சர் முதல் விலையை யாரிடம் சொல்வது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தங்கச்சிமடத்திலிருந்து சித்தி மகன் உச்சிப்புளியில் உள்ள என் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். படிப்பு முடித்து ஓராண்டு மதுரையில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்த்தவன். இனி ஊரிலேயே இருந்து ஃப்ரீலான்ஸ், அதாவது யாரிடமும் சம்பளத்துக்குச் சேராமல் தனியாக வேலை பிடித்துச் செய்யப் போகிறானாம். மூன்று வாய்ப்புகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. எதைப் பிடிப்பது என்று, இதே தொழிலில் இருக்கிற என்னிடம் கேட்கத்தான் வந்திருந்தான்.

முதலாவது, ராமேஸ்வரத்தில் 24 அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ். அதன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரம் மூன்று போஸ்டர், வருகிற விசாரிப்புகளுக்குப் பதில், அமாவாசை வந்தால் பேனர். மாதம் 8,000 ரூபாய். இரண்டாவது, சென்னையில் ஒரு ஏஜென்சி. போஸ்டர் ஒன்றுக்கு 150 ரூபாய், வேலைக்குப் பஞ்சமே இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவது, வேலை தருகிறவரும் செய்கிறவரும் இணையத்தில் சந்தித்துக்கொள்ளும் இணையச் சந்தை. கூடப் படித்தவன் ஒருவன் ஃபைவரில் டாலரில் சம்பாதிக்கிறான் என்று கேள்விப்பட்டு, ஃபைவர், அப்வொர்க் இரண்டிலும் கணக்குத் தொடங்கி வைத்திருந்தான்.

“அண்ணே, இதில் எதில் காசு அதிகம்?” என்றான்.

“உனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வர வேண்டும்?” என்று திருப்பிக் கேட்டேன். விழித்தான். அவன் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். டீசல் எவ்வளவு, ஐஸ் எத்தனை பார், கரையேறும் மீன் என்ன விலை போனால் கைக்கு ஏதாவது மிஞ்சும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மகன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்கே இல்லாமல் கடலுக்குப் போகப் பார்க்கிறான்.

காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் போட்டோம். வீட்டுக்கு அவன் தர வேண்டியதும் அவன் செலவும் 20,000. நெட், மின்சாரம், மென்பொருள் சந்தா, மருத்துவக் காப்பீடு, மூன்று வருடத்தில் லேப்டாப் மாற்றுவதற்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து 8,000. ஆக மாதம் 28,000, ஆண்டுக்கு 3,36,000 ரூபாய். இதுவரை அவனுக்கும் புரிந்தது. எத்தனை நாளை விற்க முடியும் என்று வந்தபோதுதான் பேச்சு சூடு பிடித்தது. மாதம் 26 நாள் என்றான். ஆள் தேடவும், விலை எழுதி அனுப்பவும், கொடுக்காத பணத்துக்கு நடக்கவும் பாதி நாள் போய்விடும், 14 நாள் விற்றால் கெட்டிக்காரன் என்றேன். ஆண்டில் 12 மாதம் என்றான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தக் கரையில் எத்தனை கடையில் காசு புழங்கும் என்று அவனுக்கே தெரியும். பத்து மாதம் என்று வைத்தோம். 140 நாள். 3,36,000-ஐ 140-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 2,400. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் மனம் ஒன்றி வேலை நடந்தால் அதிகம். மணிக்கு 480 ரூபாய்.

அந்த 480-ஐ வட்டமிட்டுவிட்டு மூன்று வாய்ப்புகளையும் அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம்.

லாட்ஜ்: மாதம் 13 போஸ்டர், ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம். பதில் எழுத தினம் அரை மணி நேரம். ஏறத்தாழ 34 மணி நேரம். 8,000 ரூபாயை அதில் பங்கிட்டால் மணிக்கு 235. பாதிகூட இல்லை. ஏஜென்சி: அதே ஒன்றரை மணி நேரத்துக்கு 150, அதாவது மணிக்கு 100 ரூபாய். இணையச் சந்தை: 40 டாலருக்கு ஒரு லோகோ என்று வைத்துக்கொண்டால், ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும், மீதி 32 டாலர். டாலர் 85 ரூபாய் என்று போட்டால் 2,720. ஆறு மணி நேர வேலை என்றால் மணிக்கு 453.

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. தாளின்படி இணையச் சந்தைதான் 480-க்குப் பக்கத்தில் வருகிறது. இந்த இடத்தில்தான் தாளை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

ஏஜென்சியை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. மணிக்கு 100 ரூபாய் என்பது சங்காயத்துக்கு, கழித்துப் போடுகிற பொடி மீனுக்குக் கிடைக்கும் விலை. கோழித்தீவனத்துக்குப் போகிற மீனை யாரும் பெயர் சொல்லி வாங்குவதில்லை. நீ செய்த போஸ்டரை உன் வேலை என்று வெளியில் காட்டவும் பெரும்பாலும் விட மாட்டார்கள். கை வேகம் வரும், அடுப்பு அணையாது, அவ்வளவுதான். வேறு வழியே இல்லையென்றால் மூன்று மாதம் என்று நாள் குறித்துக்கொண்டு இறங்கலாம். நான் குறிக்காமல் இறங்கி ஒன்றரை வருடம் கிடந்தேன். கடைசி இரண்டு மாதப் பணம் இன்னும் வந்தபாடில்லை.

இணையச் சந்தைக்கு வருகிறேன். பாம்பன் கரையில் விடியற்காலை ஏலம் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. கூடையைக் கவிழ்த்ததும் ஏலக்காரர் விலையைக் கூவ ஆரம்பித்துவிடுவார். இரவெல்லாம் கடலில் நின்றவர் ஈரக் கைலியோடு ஓரமாக நிற்பார். அவர் மீனுக்கு அவர் விலை சொல்ல முடியாது. வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி இருந்தால், மீன் அவரிடம்தான் போக வேண்டும், கமிஷனும் பிடிபடும். அப்வொர்க்கில் இதே ஏற்பாடு கொஞ்சம் படித்த முகத்தோடு நடக்கிறது. அங்கே முன்பணம் தருவது நீ. ஒவ்வொரு வேலைக்கும் விண்ணப்பிக்க ‘கனெக்ட்’ என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஒன்று 15 அமெரிக்கச் சென்ட். ஒரு விண்ணப்பத்துக்குப் பல டோக்கன்கள் ஆகும், வேலை கிடைக்காவிட்டாலும் போனது போனதுதான். வேலை கிடைத்தால் கமிஷன். 2025 மே முதல் அது ஒப்பந்தத்தைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை மாறுகிறது. அங்கே அறிமுகமான வாடிக்கையாளரோடு வெளியில் நேரடியாகப் பணம் பேசிக்கொள்ள இரண்டு ஆண்டுகளுக்குத் தடை, மீற வேண்டுமென்றால் ஒரு தொகை கட்டி விலக வேண்டும். தாளில் நாம் எழுதிய 453 என்பது வேலை கிடைத்த பிறகு வருகிற கூலி. வாடிக்கையாளர் மதிப்பிட்டுத் தரும் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லாத புதுக் கணக்குக்கு முதல் வேலை கிடைக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பது அதில் ஏறவில்லை. எனக்கு ஏழு வாரம் ஆனது. மொத்தம் 60 மணி நேரமாவது தின்றிருக்கும்.

இருந்தாலும் குறை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. இணையச் சந்தையில் வேலை தருகிறவரின் பணம் முன்கூட்டியே நடுவரிடம் வந்து உட்கார்ந்துவிடும். நம் ஊர்க் கடைக்காரரிடம் அந்த வசதி கிடையாது. “திங்கட்கிழமை வாங்கிக்கொள் தம்பி” என்கிற திங்கட்கிழமைகளை எண்ணினால் ஒரு வருடம் தேறும். அதனால் வாரத்தில் இரண்டு காலைப் பொழுதை அதற்கு ஒதுக்கலாம் என்றேன். ஒரு நிபந்தனை: ‘லோகோ, போஸ்டர், பேனர் எல்லாம் செய்து தரப்படும்’ என்று அறிமுகம் எழுதக் கூடாது. அப்படி எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரே ஒரு சின்ன வேலையைச் சொல்லி அதில் மட்டும் நிற்க வேண்டும்.

லாட்ஜ் விஷயத்தில்தான் நாங்கள் நிறைய நேரம் செலவழித்தோம். மணிக்கு 235 என்ற கணக்கைப் பார்த்ததும் தம்பி அதை அடித்துவிட்டிருந்தான். என் கணக்கில் மூன்றிலும் அதுதான் முதல். அந்த முதலாளி அவனைத் தேடி வந்தவர், நடுவில் யாரும் இல்லை, நாளை இன்னொரு லாட்ஜ்காரரிடம் அவனைப் பெயர் சொல்லி அனுப்பக்கூடியவர். இன்னொரு காரணம் பருவம். மீனை நம்பிய கடைகள் தடைக்காலத்தில் வாடுகிற அதே ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டத்தால் ராமேஸ்வரம் லாட்ஜ்கள் நிரம்பும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, நடுவில் ஐயப்ப பக்தர்கள் வரும் மாதங்கள் என்று அவர்களுக்கு வருடத்தில் பல அறுவடை. ஒரு கால் மீன் பக்கமும் ஒரு கால் யாத்திரை பக்கமும் இருந்தால் பத்து மாதக் கணக்கு பன்னிரண்டாக நீளும்.

விலை குறைவாயிற்றே என்றால், விலையை ஏற்றிக் கேட்பதைவிட வேலையைக் குறைத்துச் சொல்வது எளிது. 8,000 என்று ஒரு முறை வாய்விட்டுச் சொன்னவர் 16,000-க்கு ஏற மாட்டார். 8,000 ரூபாய்க்கு, மணிக்கு 480 என்று போட்டால், 16 மணி நேரம் கிடைக்கும். மாதம் ஆறு போஸ்டர், அதற்கு ஒன்பது மணி நேரம். அமாவாசை பேனர் மூன்று மணி நேரம். மீதி நான்கு மணி நேரத்தை என்ன செய்வது?

அதற்குத்தான் தம்பியின் போனில் கூகுள் மேப்பைத் திறந்து அந்த லாட்ஜைத் தேடினோம். எட்டுப் படங்கள், அதில் இரண்டு தலைகீழ். மேற்கு வாசலுக்கு எவ்வளவு தூரம், அக்னி தீர்த்தத்துக்கு நடந்து போகலாமா, வேன் நிறுத்த இடம் உண்டா, விடியற்காலை நான்கு மணிக்கு வெந்நீர் கிடைக்குமா என்று யாத்திரைக்காரர் கேட்கக்கூடிய எதுவும் இல்லை. வடக்கிலிருந்து அத்தனை பேர் வருகிற ஊரில் இந்தியில் ஒரு வரிகூட இல்லை. கீழே போனால் ஒரு குறிப்பு: ‘ரயிலில் வருவோர் மண்டபத்தில் இறங்கி பஸ்ஸில் வரவும்.’ பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றபோது யாரோ எழுதியது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்து, ராமேஸ்வரம் வரைக்கும் ரயில் வர ஆரம்பித்துவிட்டது. இந்த லாட்ஜ் மட்டும் இன்னும் ஆட்களை மண்டபத்திலேயே இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. மீதி நான்கு மணி நேரம் இந்தப் பக்கத்தைச் சரிசெய்யத்தான்.

தம்பி சிரித்துவிட்டான். “இதைத்தான் முதலில் அவரிடம் காட்டு” என்றேன். வேலை தேடிப் போகிறவர் தன் திறமையைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம், அதைவிட அவர் கடையின் ஒரு ஓட்டையைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும். சீசனுக்கு ஒரு மாதம் முன்னால் போக வேண்டும், சீசன் நேரத்தில் போனால் கல்லாவிலிருந்து அவர் தலையே நிமிராது.

அவன் யோசிக்காத நாலாவது வழி ஒன்று இருக்கிறது: கீழக்கரை. அங்கே பல வீடுகளில் யாராவது ஒருவர் துபாயிலோ சவூதியிலோ கடை வைத்திருப்பார், அல்லது கடையில் இருப்பார். அந்தக் கடைகளுக்கு மெனு கார்டு, பெயர்ப்பலகை, விலைப்பட்டியல், ரம்ஜான் போஸ்டர் எல்லாம் வேண்டும். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த, ஊர்க்காரரான, போனை எடுக்கிற ஒருவர் கிடைத்தால் அவர்கள் விட மாட்டார்கள். துபாய்க்கும் நமக்கும் நேர வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், அமெரிக்கக்காரருக்காக நடுச்சாமத்தில் விழித்திருக்கத் தேவையில்லை. உள்ளூர்க் கடைக்கு 3,000 ரூபாய் கேட்கிற மெனு கார்டுக்கு அங்கே 400 திர்ஹம் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அது ரூபாயில் மூன்று மடங்குக்கு நெருக்கமாக வரும். என் முதல் துபாய் வாடிக்கையாளர் கடையை மூடிவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். இன்றைக்கும் அவர் சொல்லி யாராவது கூப்பிடுகிறார்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற சொல் பிறந்த ஊர் அல்லவா.

இந்த வழியின் சிக்கல், உள்ளே நுழைவது. விளம்பரம் செய்து நுழைய முடியாது, ஒருவர் கைகாட்டி அனுப்ப வேண்டும். அதற்கு ஊரில் நாலு வேலை செய்து பெயர் எடுத்திருக்க வேண்டும். இன்னொன்று, “மச்சான் கீழக்கரையில்தான் இருக்கிறான், கையில் கொடுக்கச் சொல்கிறேன்” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதே என்றேன். வெளிநாட்டுப் பணம் வங்கி வழியாக வந்து, அதற்கான சான்று கையில் இருந்தால்தான் ஏற்றுமதி வருமானம் என்று காட்ட முடியும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படாது. தாண்டுகிற காலம் வரும்போது இந்தத் தாள்கள்தான் பேசும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனாலும் வங்கி மேலாளர் இதைத்தான் கேட்பார்.

யாரிடம் போவது என்பது முடிந்தால், எப்படி விலை சொல்வது என்பது பாதி முடிந்த மாதிரி. மணிக்கணக்கா, வேலைக்கு இவ்வளவு என்றா, மாதச் சம்பளம் போலவா? மணிக்கணக்கில் விலை சொன்னால் ராமேஸ்வரத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். “நீ மெதுவாகச் செய்தால் நான் கூடக் கொடுக்க வேண்டுமா?” என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. 480 என்பது உன் சட்டைப் பையில் இருக்க வேண்டிய எண், வெளியில் காட்ட வேண்டியதில்லை. மாதத் தொகை, லாட்ஜ் போலத் திரும்பத் திரும்ப வேலை வருகிற இடத்துக்குச் சரி. மற்ற எல்லாவற்றுக்கும் வேலைக்கு இவ்வளவு என்று சொல்வதே இந்த ஊருக்குப் பொருந்தும். ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. நான் விழுந்தே பார்த்தேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சி விற்கிற ஓர் அக்காவுக்கு லேபிள் செய்து கொடுத்தேன். மொத்தம் 1,500 ரூபாய் என்று பேச்சு. அரை நாள் வேலை என்று நினைப்பு. ஒரு பனைமரம் வரைந்தேன். மரம் ஒல்லியாக இருக்கிறது என்றார். தடிமனாக்கினேன். அவர் வீட்டுக்காரர் கண்ணுக்கு அது தென்னையாகத் தெரிந்தது. நுங்கு சேர்த்தேன், பதனீர்க் கலயம் சேர்த்தேன், நுங்கை எடுத்தேன். இப்படி ஏழு திருத்தம். அச்சாகி வந்த பிறகு பார்த்தால், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணுக்கு இடமே விடவில்லை. சைவ உணவு என்று காட்டும் பச்சைச் சதுரமும் புள்ளியும் இல்லை. நிகர எடை இருந்தது, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை என்ற வரி இல்லை. 2,000 ஸ்டிக்கர் குப்பைக்குப் போனது. அக்கா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, அதுதான் அதிகம் சுட்டது. அச்சுக்கூலியில் பாதியாக 2,100 ரூபாயை நான் கொடுத்தேன். 1,500 சம்பாதித்த வேலையில் 600 நஷ்டம், எட்டு நாளும் போச்சு.

அன்றிலிருந்து என் விலைத் தாளில் மூன்று வரிகள் மாறாமல் இருக்கின்றன. இரண்டு முறை திருத்தம் விலைக்குள் அடக்கம், மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி. அச்சுக்குப் போகும் முன் எழுத்துகளைச் சரிபார்த்து வாட்ஸ்அப்பில் ‘சரி’ என்று வாடிக்கையாளர் எழுத வேண்டும். பாதிப் பணம் முன்பே. இது ஒரு பக்கம். உணவு லேபிளில் எது எது கட்டாயம் என்று படித்து வைத்துக்கொண்டதுதான் உண்மையில் என் விலையை ஏற்றியது. இப்போது அதே லேபிளுக்கு 6,000 வாங்குகிறேன். பனைமரம் அப்படி ஒன்றும் அழகாகிவிடவில்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மிளகாய்ப் பொட்டலத்துக்கு லேபிள் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். புவிசார் முத்திரையைப் பெரிதாகப் போடச் சொன்னார்கள். அதிகாரப்பூர்வப் பயனராகப் பதிவு செய்தவர்தான் அதைப் போடலாம் என்று சொன்னதும், இருவர் பதிவைப் பற்றி விசாரிக்கப் போனார்கள். லேபிள் வேலை என்னிடமே வந்தது. இணையச் சந்தையில் தம்பி எடுத்து நிற்க வேண்டிய ஒரே ஒரு சின்ன வேலை என்று நான் சொன்னதும் இந்த மாதிரியான ஒன்றைத்தான்.

பாக்கி வசூலுக்கு ஒரு சொல். உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம், ஆதாரும் பான் எண்ணும் போதும். சிறுதொழில் என்று பதிவு இருந்தால், 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. உள்ளூர் லாட்ஜ்காரரிடம் இந்தச் சட்டத்தைப் பேசினால் உறவு கெடும். சென்னை ஏஜென்சிக்கு அனுப்புகிற பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்துவிட்டால் போதும், நாம் வாய் திறக்கத் தேவையில்லை. ஒன்றரை வருடம் கிடந்தபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் என்ற நினைப்பு அவ்வப்போது வரும்.

இருட்டிவிட்டது. சித்தி இரண்டு முறை போன் செய்துவிட்டார். ஏஜென்சிக்கு நன்றி சொல்லி விலகிவிடுவது, லாட்ஜுக்கு 16 மணி நேரத்துக்கு அடங்கிய தாளை எழுதிக் கொண்டுபோவது, வாரம் இரண்டு காலைப் பொழுது ஃபைவர், ஆறு மாதம் கழித்து கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒருவரைப் போய்ப் பார்ப்பது என்று எழுதிய காலண்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினான்.

வியாழக்கிழமை மதியம் போன் செய்தான். லாட்ஜ் முதலாளியிடம் போனை நீட்டி அந்த மண்டபம் வரியைக் காட்டியிருக்கிறான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, வரவேற்பில் இருந்த பையனைக் கூப்பிட்டு, “இதை யாரடா எழுதியது?” என்று கேட்டாராம். பையன் கூரையைப் பார்த்தானாம். பிறகு தாளை வாங்கிப் பார்த்து, ஆறு போஸ்டர் போதுமா என்று மட்டும் கேட்டுவிட்டு, 4,000 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பிவிட்டார்.

“உடனே சரி என்றுவிட்டார் அண்ணே,” என்றான் தம்பி. “கூட்டிக் கேட்டிருக்கலாமோ?”